போர்ட்டிகோவில் கொல்லிமலை

"தங்கள் வீட்டு முகப்பில் நிறுத்தப்பட்டிருக்கும் வாகனம் எங்கும் போகாமலேயே தினமும் மாலையில் மலை ஏறுகிறது. நாங்கள் காபி குடிக்கும் நேரத்தில் வாந்திச் சத்தம் கேட்கிறது. அன்புகூர்ந்து மலையை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளவும்."

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று தேதி குறித்த இந்தத் தாள், அரூரில் எங்கள் தெருவின் கோடி வீட்டு இரும்பு கேட்டில் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் அதற்கு எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 'வாந்தி' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். அசல் இப்போது என்னிடம், தெருச் செய்திகளை எழுதிவைக்கும் நோட்டுக்குள் இருக்கிறது. கேட்டின் துருக்கறை பின்பக்கத்தில் ஒட்டியிருப்பதால் இது நகல் அல்ல என்று யாரிடமும் சாதிக்க முடியும்.

பயணத்தில் வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டவர்கள் உண்டு. இஞ்சி மென்றவர்கள் உண்டு. முன் சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் வீட்டைவிட்டு ஓரடி நகராமல் வாந்தியெடுப்பதற்கென்று சொந்தமாக ஓர் இயந்திரம் செய்துகொண்டவர், தர்மபுரி மாவட்டத்தில் மட்டுமல்ல, நான் படித்த எந்த நாட்டுச் சரித்திரத்திலும் எங்கள் 'எலுமிச்சை' ஒருவர்தான்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். பஸ் என்ற சொல்லைக் கேட்டால் கை தானாகப் பைக்குப் போகும்; எடுத்து ஒருமுறை மோந்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார். இன்வெர்ட்டர், பேட்டரி விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். கரண்ட் விஷயத்தில் கெட்டிக்காரர். வாடிக்கையாளர் வீடு எவ்வளவு தூரமானாலும் சைக்கிளில்தான் போவார். அவர் வயிறு ஒப்புக்கொண்ட ஒரே வாகனம் அது.

மற்ற எதுவும் ஆகாது. ஆட்டோ ஆகாது. ஊஞ்சல் ஆகாது. அரூர் பஸ் ஸ்டாண்டில் புறப்படாமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்த சேலம் பஸ்ஸுக்குள் ஒருவரைத் தேடி ஏறி, தேடிய ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் இறங்கி ஓடியிருக்கிறார். ஒருமுறை தெருக்காரர்கள் எல்லோரும் ஒகேனக்கல் போனோம். மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். பரிசலில் ஏற மாட்டேன் என்று கரையிலேயே நின்றார். சரி, புத்திசாலித்தனம் என்று நினைத்தோம். நாங்கள் ஏறிய பரிசலைப் பரிசல்காரர் வேடிக்கைக்காக நடு ஆற்றில் இரண்டு சுற்று சுற்றினார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அன்று அவர் பங்கு மீன் வறுவலை நான் சாப்பிட்டேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை. சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வம் எங்கே இருக்கிறதென்றால், கொல்லிமலை உச்சியில். எழுபது கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதென்றால் அந்தக் கோயிலில்தான். காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். தாய்மாமன் இவர் ஒருவர்தான்.

தங்கையின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது இவரும் சீர்த்தட்டோடு கிளம்பினார். ஒன்பதாவது வளைவில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், திரும்ப ஏறவில்லை. இறங்கி நடந்தே அடிவாரம் போய்விட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவர் தோளிலிருந்து வேனில் விழுந்து கிடந்த துண்டை மலைக்குக் கொண்டுபோய், ஒரு பங்காளியின் மடியில் விரித்து, அதன்மேல் பையனை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். மாமன் வரவில்லை, துண்டு வந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தியில் யாராவது ஒருவர், "துண்டு மாமன் வந்துட்டாருங்களா, துண்டு மட்டும் வந்திருக்குதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எலுமிச்சை சிரித்துவிட்டுக் குனிந்து சாப்பிடுவார். தங்கை சிரிக்க மாட்டாள்.

பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. வைகாசி கடைசியில் போன் வந்தது. நான் அப்போது அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அண்ணா, தையில பாப்பாவுக்குக் காது குத்தறோம். போன தடவ மாதிரி துண்டு அனுப்பாதீங்க. மடி வேணும்."

"வரேம்மா," என்றார். போனை வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். நெடுநேரம் அதை மோக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம், "மலைக்கு நான் போவறதுக்கு மொத மலய வூட்டுக்குக் கொண்டாந்துடறேனுங்க," என்றார். மனக்கஷ்டத்தில் ஏதோ சொல்கிறார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆனி முழுவதும் போர்ட்டிகோவில் வேலை நடந்தது. சேலத்துக் காயலான் கடையிலிருந்து, உடைத்த பஸ்ஸின் இருவர் சீட் ஒன்று, முன்னால் பிடித்துக்கொள்ளும் கம்பியோடு வந்தது. லாரிக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார் இரண்டு வந்தன. கடை ராக் செய்வார்களே, ஓட்டை ஓட்டையாக ஆங்கிள், அதில் நாலு கால் வைத்து ஒரு சட்டம். சட்டத்தின் நடுவில் சீட். சீட்டை இடமும் வலமும் முன்னும் பின்னும் சாய்க்க மோட்டார்கள். எதிரில் ஒரு கம்பம் நட்டு அதில் டிவி. பலாப்பழம் ஏற்றக் கொல்லிமலை போய்வரும் ஒரு வேன் டிரைவரிடம் போனைக் கொடுத்து, அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டி எழுபது வளைவையும் படம் பிடித்துவரச் செய்திருந்தார். வண்டி எந்த நொடியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பதையும் அதே போன் பதிந்துகொண்டது. டிவியில் சாலை திரும்பும்போது அதே சாய்வு சீட்டுக்கும் வரும்படி செய்திருந்தார்.

"தெனமும் ரெண்டு வளைவு கூட்டிட்டே போனா வவுறு தானா பழகிடுமுங்க," என்பது அவர் கணக்கு. உலகத்தில் விமானம் ஓட்டுகிறவர்களையும் இப்படித்தான் தயார்செய்கிறார்கள் என்று நானும் எங்கோ படித்ததைச் சொல்லி உற்சாகப்படுத்தினேன்.

முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே குமட்டினார். இயந்திரம் நன்றாக வேலை செய்வதற்கு அதுவே சான்று என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் ஆடி பிறந்தும் ஐந்தாவது வளைவைத் தாண்ட முடியவில்லை. இங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. நிஜ மலையில் ஒன்பதாவது வளைவு வரை போனவர், போர்ட்டிகோ மலையில் ஐந்தில் நிற்கிறார் என்றால் மலையைவிட மெஷின் மோசம். ஏன்?

தன் மனைவி மல்லிகாவை உட்காரவைத்துப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு எந்த வண்டியில் ஏறினாலும் தூக்கம் வந்துவிடும். முதல் வளைவில் கண் சொக்கி, மூன்றாவதில் குறட்டை விட்டார். சாட்சி சொல்ல லாயக்கில்லை. என்னை உட்காரவைத்தார். டிவியில் சாலை இடப்பக்கம் திரும்பியது, சீட் சாய்ந்தது, சாலை நேரானது, சீட்டும் நேரானது. எல்லாம் முடிந்ததென்று நான் மூச்சு விட்டபோது, சட்டம் தன் பங்குக்கு மெதுவாக ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. டிவி வேறு தலையாட்டியது. என் வயிற்றுக்குள் யாரோ நடந்துபோன மாதிரி இருந்தது.

சட்டம் நெளிகிறது என்று தீர்மானமாயிற்று. வெல்டிங் பாய் அழைக்கப்பட்டார்.

பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட், கிரில் செய்வதில் பேர்போனவர். இரும்பு விஷயத்தில் அவரிடம் கஞ்சத்தனம் என்ற பேச்சே கிடையாது. எதிர் வீட்டு ஹெச்.எம்.முக்கு அவர் செய்துகொடுத்த கேட்டைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஹெச்.எம். மட்டும் வீட்டில் இருந்தால் காய்கறிக்காரர் வந்து உதவினால்தான் அவர் வெளியே வர முடியும்.

"பாய், சட்டம் நெளியுதுங்க. வளைவு முடிஞ்ச பொறவும் தன் பாட்டுக்கு ஒரு வளைவு போவுது. எழுவது வளைவுக்கு உக்காந்தா நூத்தி நாப்பது காட்டுது."

பாய் செருப்புக் காலால் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார். டிவி தலையாட்டியது. "இன்னும் ஒரு ஆங்கிள் வெச்சிட்டா நிக்கும் சார்," என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் ஆங்கிள் வேலை செய்தது. டிவிக் கம்பத்துக்குப் பின்னால் சாய்வாக ஒன்று முட்டுக் கொடுத்து முக்கோணமாக்கினார். டிவி தலையாட்டுவதை நிறுத்தியது. இந்த வெற்றி இருவருக்கும் தலைக்கேறியது. அப்புறம் சட்டத்தின் குறுக்கே ஒன்று. பெருக்கல் குறி மாதிரி இரண்டு. அதற்கு அடியில் அதே மாதிரி இன்னும் இரண்டு. ஓட்டை ஆங்கிளைக் கழற்றிவிட்டுச் சதுரக் குழாய். குழாய்க்குள் எம்-சாண்ட் நிரப்பினால் அதிர்வு அடங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, புனல் வைத்து நிரப்பினார்கள். ஒரு வெல்டிங்கில் ஊசி அளவு ஓட்டை விட்டுப்போயிற்று. மலை ஏறும்போதெல்லாம் அதன் வழியாக மணல் கொட்டி மல்லிகாவின் கோலத்தின்மேல் ஒரு குட்டி மலை எழும்பியது. பழைய இரும்புக்காரர் தெருவுக்குள் வந்தால் அந்த வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, ஒன்றும் கேட்காமல், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

ஹெச்.எம்.மின் கடிதம் வந்தது இந்தக் கட்டத்தில்தான். எலுமிச்சை உடனே பணிந்தார். மலையைக் காலை பதினோரு மணிக்கு மாற்றினார். சத்தம் குறைய, பழைய லாரி டயரை வெட்டி நாலு காலுக்கும் அடியில் கனமான துண்டுகளாகச் செருகினார். வாசகர்கள் இந்த டயர்த் துண்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெளிவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்க வேண்டுமே. தீர்த்தமலைத் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு விற்பார்களே, சிவப்பு ஒளிப் பொட்டு அடிக்கும் சின்ன லைட், அதில் ஒன்றைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டினார். பொட்டு தெருவைத் தாண்டி ஹெச்.எம். வீட்டுச் சுவரில் விழுந்தது. சட்டம் அசையாமல் நின்றால் பொட்டும் நிற்கும். ஒரு நூல் நெளிந்தாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் பொட்டு சாண் கணக்கில் அலையும். அருமையான யோசனை. சுவர் மட்டும் வேறொருவருடையது.

மறுநாள் ஹெச்.எம். கேட்டை நெம்பித் திறந்துகொண்டு வந்தார். சண்டைக்கு என்று நினைத்தோம். அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. "பொட்டு எது வரைக்கும் போவுதுன்னு குறிக்காம அளந்து என்ன பிரயோசனம்? நான் குறிக்கறேன். நீ ஓட்டு," என்றார். முப்பது வருஷம் மார்க் போட்டவருக்கு ஓய்வுபெற்ற பிறகு மார்க் போட ஒன்றும் கிடைக்காமல் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து காலை பதினோரு மணிக்கு நாற்காலி போட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். இந்தப் பக்கம் கடைசியாக எங்கே போனது, அந்தப் பக்கம் எங்கே போனது என்று இரண்டு கோடு. நடுவில் தேதி. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி முடிவை அறிவிப்பார். முதலில், "முன்னேற்றம் தேவை." பிறகு, "பரவாயில்லை." ஆவணி நடுவில் ஒருநாள், "சுமார், ஆனா முயற்சி தெரியுது."

அதற்கப்புறம்தான் விபரீதம். பாய் பத்து நாள் மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்து, அடியில் இருக்கிற பெருக்கல் குறிகளையெல்லாம் மேலும் கீழும் இணைத்து, சட்டத்தை ஒரு கூண்டு மாதிரி செய்துவிட்டார். அதன்மேல் யானை நின்றாலும் நெளியாது என்று அவரே ஏறிக் குதித்துக் காட்டினார். நெளியவில்லை. எலுமிச்சை மோட்டாரைப் போட்டார். பொட்டு ஹெச்.எம். போட்டிருந்த பழைய கோடுகளையெல்லாம் தாண்டி, சுவர் முடிந்து, ஜன்னலுக்குள் போய், உள்ளே ஹெச்.எம்.மின் சம்சாரம் உரித்துக்கொண்டிருந்த பூண்டின்மேல் ஒரு நொடி நின்று திரும்பியது.

ஹெச்.எம். சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "பெயில்," என்றார், மெதுவாக.

இது யாருக்கும் புரியவில்லை. இரும்பு கூடக் கூட ஆட்டம் குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. பாய் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. எலுமிச்சை மூன்றாவது வளைவுக்கு மேல் போக முடியாமல் இறங்கி, படியில் உட்கார்ந்துவிட்டார். புரட்டாசி பிறந்துவிட்டது. ஒருநாள் அவர் வீட்டுக் கொடியில் ஒரு புதுத் துண்டு காய்வதைப் பார்த்தேன். சரிகைக் கரை போட்ட நல்ல துண்டு. அவரே சொன்னார்: "போன தடவ பழைய துண்டுங்க. அதான் எல்லாரும் பேசறாங்க. இந்தத் தடவ நல்லதா ஒண்ணு அனுப்பிடலாம்."

அவருக்காக நான் வருத்தப்பட்டதெல்லாம் அந்த ஒரு நாள்தான். அடுத்த வாரம் ஆயுத பூஜை.

கடை மெஷின்களுக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. போர்ட்டிகோ மலைக்கு வரும்போது புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு. ஆயுதமென்றால் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினால் போதும். வண்டியென்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். இது ஆயுதமா, வண்டியா?

"எங்கியும் போவாத வண்டிக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்?" என்றார் மல்லிகா.

"எழுவது வளைவு போவுதே."

"அஞ்சுக்கு மேல எங்க போச்சு?"

வாழ்நாளெல்லாம் பையில் எலுமிச்சையோடு திரிந்தவர், தன் சொந்த வண்டியை எலுமிச்சை இல்லாமல் விடுவாரா? பாயை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார். கடப்பாரை கொடுத்து ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, அடியிலிருந்த டயர்த் துண்டுகளை உருவி எடுத்து, தரையைக் கழுவி, நாலு காலுக்கும் கீழே ஒவ்வொரு பழம் வைத்தார்கள். வீட்டுக் கொல்லையில் காய்த்த குட்டிப் பழங்கள். அத்தனை இரும்பு, அத்தனை மணல், மேலே சீட்டில் எலுமிச்சை. ஹெச்.எம். உட்பட தெருவே நின்றது. மல்லிகா கற்பூரம் காட்டினார். மோட்டார் ஓடியது. வண்டி முதல் வளைவில் ஒரு சாய்வு சாய்ந்தது.

சதக், சதக், சதக்.

நான்காவது சதக்குக்காக எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. இரண்டாவது வளைவு. மூன்றாவது. வரவில்லை. மோட்டாரை நிறுத்தினார்கள். ஒரு மூலையில், தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த காலுக்கடியில் மல்லிகா குனிந்து கைவிட்டுப் பழத்தை எடுத்தார். கொஞ்சம் சப்பையாகியிருந்தது. தோல் கிழியவில்லை.

"இது நல்லாத்தாங்க இருக்குது. ரசத்துக்கு ஆவும்," என்று சொல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

கூட்டத்தில் ஒருவர், பழம் நசுங்காதது நல்ல சகுனமில்லை என்று முனகினார். எலுமிச்சை சீட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. முகம் மாறிப்போயிருந்தது. குமட்டல் முகமில்லை, எங்களுக்கு அது தெரியும்.

"மல்லிகா, அத எடுத்த எடத்துலயே வையி."

"எதுக்குங்க?"

"வையேன், சொல்றேன்."

வைத்தார். எலுமிச்சை இறங்கிவந்து தரையில் கன்னம் படப் படுத்துக்கொண்டு, பாயை எதிர் மூலையை அழுத்தச் சொன்னார். பாய் அழுத்தினார். பழத்தின்மேல் இருந்த கால் எழுந்தது. விட்டார். உட்கார்ந்தது. அழுத்தினார். எழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். போர்ட்டிகோ தரைக்குக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருந்தார். கழுவின தண்ணீர் தேங்காமல் அந்த மூலை ஓட்டையில் வடிய வேண்டுமென்று, அங்கே மட்டும் தரை பள்ளமாக இறங்குகிறது. சட்டம் நெளிகிறவரை அது தன் எடையால் வளைந்து, தரைக்குத் தக்கபடி நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. பாய் வைத்த ஒவ்வொரு ஆங்கிளும் அதை விறைப்பாக்கியது. விறைத்துப்போன சட்டம், தரைக்காக நான் ஏன் வளைய வேண்டும் என்று மூன்று காலில் நின்றுவிட்டது. நாலாவது கால் டயர்த் துண்டின்மேல் உட்கார்ந்திருப்பதாகப் பாவனை காட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு எழுந்து எழுந்து உட்கார்ந்தது. நெளிவு போய் எத்தனையோ நாளாகியிருந்தது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது வெறும் நொண்டி ஆட்டம். வீட்டில் ஒரு முக்காலியோ நாற்காலியோ ஆடினால் காலுக்கடியில் அட்டையை மடித்துவைக்கத் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இரண்டு மாதமாக நின்றுகொண்டிருந்தோம்.

"அப்ப என் வெல்டிங்ல தப்பில்லயே சார்?" என்றார் பாய்.

"இல்ல பாய். ரொம்ப சரியா இருந்ததுதான் தப்பு."

பாய் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளிலிருந்து இரும்பை அறுத்து எடுத்தார். எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிவிக் கம்பத்து முக்கோணத்தையும் ஒரு பெருக்கல் குறியையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போயிற்று. பழைய இரும்புக்காரர் கனவு கண்டவர்போல் வந்து ஏற்றிக்கொண்டு போனார். நாலு காலின் அடியிலும் ஒரு நட்டை வெல்டு வைத்து, தடித்த போல்ட் ஒன்றைத் திருகிவிட்டார்கள். எந்தக் கால் தரையைத் தொடவில்லையோ அதன் போல்ட்டைத் தொடும்வரை இறக்க வேண்டியதுதான். ரசமட்டம் வைத்துப் பார்க்கலாமே என்று நான் சொன்னதை எலுமிச்சை காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாலு பழம் வைத்து நசுக்கித்தான் பார்த்தார். அந்த வாரம் தெருவில் எல்லார் வீட்டிலும் எலுமிச்சை சாதம். கடைசியில் ஒருநாள் நாலு சதக்கும் ஒரே சதக்காகக் கேட்டது. ஹெச்.எம். வீட்டுச் சுவரில் பொட்டு ஒரு சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே நின்றது. இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் ஒன்றாகிவிட்டதால் இரண்டாவது கோட்டை எங்கே போடுவதென்று தெரியாமல் ஹெச்.எம். கொஞ்ச நேரம் தவித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று, "பாஸ்," என்றார். தெரு கை தட்டியது.

அப்புறம் வளைவுகள் ஏறத் தொடங்கின. தீபாவளிக்கு முன்னால் முப்பதைத் தாண்டினார். கார்த்திகை தீபத்தன்று எழுபதாவது வளைவில் டிவியில் மலை உச்சி தெரிந்ததும், போர்ட்டிகோவிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மல்லிகா பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் ஏறியது செல்லாது என்று ஹெச்.எம். ஆட்சேபித்தார். ஞாயிற்றுக்கிழமை பாய் தன் வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்தார். எலுமிச்சை இலையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பதாவது வளைவில் தொடங்கி, அறுபதாவது வளைவில் தயிர் வெங்காயம் கேட்டு வாங்கினார். பார்த்துக்கொண்டிருந்த ஹெச்.எம்.முக்கு ஆசை வந்து, இவ்வளவுதானா என்று ஏறி உட்கார்ந்தார். பதினோராவது வளைவில் அவரை இறக்கி, இரண்டு பேர் சேர்ந்து கேட்டைத் திறந்து வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டோம். அன்று மாலை எலுமிச்சை ஒரு தாளில், "தங்கள் சத்தம் எங்களுக்குக் கேட்டது," என்று எழுதி எதிர் கேட்டில் ஒட்டினார். அதன் அசல் எனக்குக் கிடைக்கவில்லை.

தை மாதம் காது குத்துக்குக் கிளம்பும்போது தெருவே வழியனுப்பியது. சட்டைப் பையில் எலுமிச்சை இருந்தது. சரிகைத் துண்டு தோளில் இருந்தது. வேனுக்குள் ஏறியவர் தலையை வெளியே நீட்டி பாயைப் பார்த்து, "வண்டி சட்டம் நல்லாத்தான் நிக்குது பாய்," என்றார்.

எனக்குத் தெரிந்து உறுதியானவை இவை. எலுமிச்சை மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். துண்டு அவர் தோளிலேயே இருந்தது, மடியில் பாப்பா இருந்தாள். காது குத்தும் நொடியில் எடுத்த படத்தில் அவள் வாய் முகத்தைவிடப் பெரியதாக இருக்கிறது, அழுகிறாள். அவரும் அழுகிறார். பின்னால் நிற்கும் தங்கை சிரிக்கிறாள். அன்று பந்தியில் யாரும் துண்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பதை மல்லிகா, தங்கை இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அந்த இயந்திரம் இன்னும் போர்ட்டிகோவில்தான் இருக்கிறது. பயணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளை அரூர் சுற்றுவட்டாரத்திலிருந்து கூட்டிவருகிறார்கள். ஹெச்.எம். மார்க் போடுகிறார்.

உறுதிப்படாதது ஒன்றே ஒன்று. அந்தப் படத்தில் எலுமிச்சையின் வெள்ளைச் சட்டையில், இடது தோளுக்குக் கீழே ஒரு கறை தெரிகிறது. அறுபத்தெட்டாவது வளைவில் பாப்பா எடுத்த வாந்தி அது என்று தங்கை சொல்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டால், பாப்பா தூங்கிக்கொண்டல்லவா வந்தாள் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். மல்லிகா அடிவாரத்திலேயே தூங்கிவிட்டாராம். சட்டை துவைத்தாயிற்று. எந்தச் செய்தியையும் இரண்டு சாட்சி ஒத்துப்போகாமல் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கில்லை. இதை மட்டும் பாப்பாவின் பெயரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். விசாரித்துச் சரிபார்க்கும் அவசரம் எதுவும் இல்லை.